எரிந்த லொறிக்கு எலுமிச்சம்பழம்

எங்கள் சித்தப்பாவுக்கு இழுப்பு. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து மழையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், நெஞ்சு துருத்தியாக ஊத ஆரம்பித்துவிடும். அதனால்தான் அப்பா யார் யார் காலிலோ விழுந்து, அவரைத் துரை பங்களாவில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். "கூரைக்குக் கீழ வேலை. இனி உசுரு தங்கும்" என்று அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். அம்மா கல்யாணமாகி வந்தபோது சித்தப்பா மூக்கொழுகும் பிள்ளையாம். கொழுந்தன் என்பது பேருக்குத்தான், வளர்த்தவள் அவள்.

பங்களாவில் அவருக்கு வாய்த்த வேலை வேடிக்கையானது. துரையிடம் ஒரு யுத்த மேசை இருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அதன்மேல் மலை, ஆறு, பாலம், ஊர் எல்லாம் உண்டு. உலகத்தில் சண்டை ஓய்ந்த பிறகும் மேசைமேல் சண்டை போட வெள்ளைக்காரனால்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்துத் துரை வருவார். இருவரும் தாயம் உருட்டுவதுபோல எதையோ உருட்டி, ஈயத்தில் வார்த்த டாங்கிகளையும் லொறிகளையும் நகர்த்துவார்கள். மலை கட்டுவது சித்தப்பா. சாக்கைக் கிழித்துப் பசையில் தோய்த்துப் போர்த்துவார். காய்ந்ததும் பச்சைச் சாயமிட்ட மரத்தூளைத் தூவினால் புல்வெளி. காட்டுக்குப் பாசி பொறுக்கிக் கொடுப்பது நான். தோட்டமே மலையேறி மூச்சு வாங்க, சித்தப்பா மட்டும் உட்கார்ந்த இடத்தில் மலையை உண்டாக்கிக்கொண்டிருந்தார்.

வண்டிகளை மட்டும் துரை யாரிடமும் கொடுக்க மாட்டார். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, சக்கரத்துச் சேறுவரை அவரே மெல்லிய தூரிகையால் தீட்டுவார். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லொறி பாதி கரிந்து நின்றது. அதை எந்த ஆட்டத்திலும் யாரும் நகர்த்தியதில்லை.

ஆயுத பூசை வந்தது. தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து தோட்டத்து லொறிவரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. துரை அட்டன் டவுனுக்குப் போயிருந்தார். மேசைமேல் இத்தனை வண்டி இருக்க, சித்தப்பாவுக்கு மனம் கேட்குமா? ஒவ்வொன்றுக்கும் குச்சி நுனியால் பொட்டு வைத்தார். கரிந்த லொறியிடம் வந்ததும், "நல்ல நாளும் அதுவுமா இப்படியா நிக்கிறது" என்று கரியைச் சுரண்டிவிட்டு, துரையின் பச்சைச் சாயத்தையே எடுத்துப் பூசினார். அதற்குக் குங்குமம் கொஞ்சம் கூடுதல். சக்கரத்தடியில் எலுமிச்சைத் துண்டை வைத்து நசுக்கி, பாலத்தைத் தாண்டி ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பூசை போட்ட வண்டி நின்ன எடத்துலயே நிக்கக்கூடாது தாயி" என்றார் என்னிடம்.

துரை வந்து பார்த்தார். அந்த லொறியைக் கையில் எடுத்துக் குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவியது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் சித்தப்பாவின் பெயரை மலை வேலைக்கு வாசித்தார்கள்.

பங்களாச் சமையல்காரர் லயத்துக்கே வந்து அம்மாவிடம் சொன்னார். "அந்த மாதிரி லொறியிலதான் தொரையோட ஒரே மகன் யுத்தத்துல எரிஞ்சு போனாராம். பாலத்துக்கு இந்தாண்டயே. இவனுக்கு எப்படிங்க தெரியும்?"

தீப்பெட்டி அளவு லொறிக்குள் ஒரு ஆள் எப்படி ஏறினார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓடிப்போய்ப் பங்களாவின் பின்வாசலில் நின்றாள். "மழையில மட்டும் வேண்டாங்க தொரை. வேற என்ன தண்டன வேணும்னாலும் குடுங்க" என்று கெஞ்சினாள். கதவு திறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரின் துக்கம் இன்றைக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கதவை மன்னிக்க மனம் வரவில்லை.

ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. சித்தப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மலைச்சரிவில் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போனார். கார்த்திகை பிறக்குமுன் கண்ணை மூடிவிட்டார்.

எடுக்கப்போகிற நேரத்தில் துரை வந்தார். அதுவரை எங்கள் லயத்து வாசலை எந்தத் துரையும் மிதித்ததில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு மழையில் நனைந்தபடி நின்றார். அப்பாகூடத் தலைத்துண்டை அவிழ்த்துச் சலாம் வைத்தார். துரை அம்மாவின் பக்கம் குனிந்து உடைந்த தமிழில் ஏதோ சொன்னார். அம்மா சித்தப்பாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நிமிரவேயில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் தோளை உலுக்கி, "அம்மா, தொரை வந்திருக்காங்க. எந்திரிச்சு சலாம் சொல்லும்மா" என்றேன்.

அம்மா என்னை அறைந்தாள். அதற்குமுன் அவள் என்னை அடித்ததே இல்லை. கன்னத்து வலி ஆறியதும், எங்கள் வீட்டு இழவுக்குத் துரையே வந்தார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.