எனக்கென்று அரைத்த மசால்

மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று மெலிசாக, சுருட்டு மாதிரி சுருண்டு இருக்கும். விலை அதிகம், மணம் குறைவு. இன்னொன்று மரத்தில் உரித்த கோலத்திலேயே தடித்துக் கருஞ்சிவப்பாக இருக்கும். வாயில் போட்டுக் கடித்தால் முதலில் இனிக்கும், பிறகு காந்தும், கடைசியில் நாக்கு வறண்டு துவர்க்கும். கறிக் குழம்புக்கு அந்தத் தடிப் பட்டைதான். சுருள் பட்டையை என் மனைவி ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "சீக்காளிக்குக் கசாயம் வெக்கற பட்டைங்க அது" என்பாள்.

பட்டையைப் பற்றி எழுதுவதற்கு நான் சமையல்காரன் இல்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரன். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர் போடக் கிளம்பி, பாதி ஆயுளைச் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் கல்தூசி தின்று கழித்தவன். வடக்கே மழை பிடித்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஊருக்கு வருவோம், மழை விட்டதும் கிளம்பிவிடுவோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் இருந்த காலத்தைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் குடித்தனத்தில் பெரும்பங்கு ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள்தான் நடந்தது.

அது மசால் டப்பா. ரிக் ஆட்கள் வண்டி நிற்கும் இடத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்வோம். வடக்கத்திச் சாப்பாடு எங்களுக்கு இறங்காது. எங்கள் பக்கத்து வண்டி எதுவானாலும் யாராவது ஒருவர் வீட்டில் அரைத்த மசால் அதில் இருக்கும். பாக்கெட் பொடியில் குழம்பு வைக்கிற வண்டி என்றால் மற்ற வண்டிக்காரர்கள் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள். எங்கள் வண்டிக்கு என் வீட்டு மசால். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவன். சமையலுக்கு வந்த புது ஆள் ஒருவன் ஒரு நாள் பாக்கெட் வாங்கி வந்தபோது அதைப் பிடுங்கிக் காட்டில் வீசினேன். அன்றைக்கு எல்லோரும் வெறும் ரசம்தான் குடித்தோம்.

அவள் மசால் அரைப்பது ஒரு நாள் வேலை இல்லை. மல்லியும் மிளகாயும் தனியாக வறுபடும். பட்டையை மட்டும் வாணலியில் போட மாட்டாள். கொஞ்சம் சூடு ஏறினாலும் கசந்துவிடும் என்று வெயிலில் காயவைத்து, இடி உரலில் தட்டி நொறுக்கி, தனியே அரைத்துச் சலித்து, எல்லாம் ஆறிய பிறகு கடைசியில்தான் கலப்பாள். மற்ற வீடுகளில் போடுவதைவிடப் பட்டை தூக்கலாகவே போடுவாள். எனக்கு அந்தக் காந்தல் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறேன் என்று பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

பத்திரப்படுத்துவதற்கும் அவளிடம் சட்டம் உண்டு. முழுப் பட்டை கண்ணாடி பாட்டிலில், அடுப்புச் சூடும் வெயிலும் படாத மேல் தட்டில் இருக்கும். ஈரம் படாமல் வைத்தால் பட்டை வருஷக் கணக்கில் கெடாது, பொடித்துவிட்டால் அதற்கு ஆயுசு குறைவு என்பாள். அதனால் மொத்தமாக அரைத்துத் தரவே மாட்டாள். கொஞ்சமாக அரைத்து, டப்பாவின் வாயில் பிளாஸ்டிக் தாளை விரித்து மூடியை அழுத்தி, மேலே துணியால் கட்டி, வடக்கே லோடு ஏற்றிப் போகும் தெரிந்த லாரிக்காரர்களிடம் கொடுத்தனுப்புவாள். ஒருமுறை எங்கள் சமையல்காரன் டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்து, ஆவி இறங்கிப் பொடி கட்டி கட்டியாகிவிட்டது. போனில் சொன்னதற்கு அவள் என்னிடம் பேசவே இல்லை, நேரே அவனைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

போனில் நாங்கள் என்ன பெரிதாகப் பேசுவோம். கம்ப்ரசர் சத்தத்தில் பாதி கேட்காது. போனை வைப்பதற்கு முன் அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"மசாலுக்கு வாசம் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றால் சரி என்று வைத்துவிடுவாள். குறைந்துபோய்விட்டது என்று சொன்னால் அடுத்த லாரியில் டப்பா வரும். நன்றாக மணக்கும்போதே குறைந்துவிட்டது என்று நான் சொன்னது உண்டு. வீட்டு ஞாபகம் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கும் அது புரிந்துதான் இருந்தது, ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை.

நெஞ்சு வலி என்று அவளைச் சேலத்துக்குக் கொண்டுபோன அன்று நான் சத்தீஸ்கரில் ஒரு காட்டில் நின்றிருந்தேன். போன் வந்தபோது உயிர் இருந்தது. ரயில் ஏறியபோது இல்லை. நான் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு மேல் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து முகத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. யார் மீது என்று தெரியாத கோபம்தான் வந்தது.

அடக்கம் முடிந்து வந்து சமையலறைக்குள் போனபோது மேல் தட்டில் டப்பா இருந்தது. துணி கட்டி, முடிச்சுப் போட்டு, லாரியில் ஏற்றத் தயாராக. எனக்கென்று அரைத்தது. அனுப்புவதற்குள் அவள் போய்விட்டாள்.

கருமாதி வரைக்கும் வீட்டில் கவிச்சி ஆகாது. பருப்பும் ரசமும்தான். விடிவதற்குள் எழுந்து, யாரும் பார்க்காதபோது முடிச்சை அவிழ்த்து, மூடியைக் கொஞ்சம் தூக்கி முகர்ந்துவிட்டு மறுபடியும் கட்டிவிடுவேன். திறக்கத் திறக்க வாசம் போய்விடும் என்று தெரியும். திறக்காமல் அந்த நாளைத் தொடங்கவும் முடியவில்லை. குழம்பு வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த டப்பா அப்படியே இருக்க வேண்டும், அதில் ஒரு கரண்டிகூடக் குறையக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி செத்ததற்கு மசால் பொடியைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்பார்களே என்று வெட்கம்.

கருமாதிக்கு மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறி எடுத்துச் சமைத்து, உறவுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுத் துக்கம் கழிப்பது எங்களிடம் வழக்கம். செத்தவர்கள் செத்தார்கள், இருப்பவர்கள் இனி வாயைக் கட்ட வேண்டாம் என்று அர்த்தம். அன்று ரிக் ஆட்களும் வந்திருந்தார்கள். நான் வாசலில் நின்று பந்தல்காரனிடம் நாற்காலிக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சம்சாரம் கறிக்கு மஞ்சள் தடவிய கையோடு வெளியே வந்தார்.

"தம்பி, கறி நெறையா இருக்குது. கடையில மசால் பொடி வாங்கியாரச் சொல்லட்டுமா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடைப் பொடி எதுக்குங்க? அவ அரைச்சது இருக்குதல்ல, அதையப் போடுங்க."

இத்தனை வருஷமாக வண்டியில் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வார்த்தை. யார் வந்து கேட்டாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். சொல்லிவிட்டு நாற்காலிச் சண்டையைத் தொடர்ந்தேன். என்ன சொன்னேன் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

இலை போட்டார்கள். சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தேன். முதலில் இனித்தது. பிறகு காந்தியது. நாக்கின் ஓரம் வறண்டு துவர்க்கத் தொடங்கியபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் சமையல்காரன், அவளிடம் போனில் திட்டு வாங்கியவன், சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். "அக்கா கைமணம் அப்படியே இருக்குதுங்கண்ணா" என்றான். ஆமாம் என்று பந்தி முழுக்கத் தலையாட்டினார்கள். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு விழுங்கினேன். குழம்பு கேட்டேன். மறுபடியும் கேட்டேன். பந்தி எழுந்த பிறகும் நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இனி இது கிடைக்காது, அடுத்தவன் இலைக்குப் போவதற்குள் என்னால் ஆனதை நான் தின்றுவிட வேண்டும் என்ற வெறிதான் இருந்தது. பெண்டாட்டி செத்தவன் தின்கிற தீனியைப் பார் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பட்டும்.

கை கழுவிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. மூடிக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் தாளையும் கழுவி ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்தார் அண்ணன் சம்சாரம். ஏதோ நல்ல காரியம் செய்த முகத்தோடு சொன்னார்.

"அடியில ஒட்டியிருந்ததையும் தண்ணி ஊத்தி அலசிக் கொழம்புலயே ஊத்திட்டேன் தம்பி. பாவம், அவ அரைச்சது. வீணாக்கக் கூடாதல்ல."

போடச் சொன்னதே நான்தான். டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பாத்திரச் சோப்பின் எலுமிச்சை வாசம் அடித்தது.

அதன் பிறகு நானே அரைத்துப் பார்த்தேன். சேலம் போய்ச் சாமான் வாங்கி வந்து, வாழப்பாடியில் கட்டிக்கொடுத்த மகளைப் போனில் வைத்துக்கொண்டே வறுத்தேன். அவளுக்கும் அளவு தெரியவில்லை. அம்மா கையால் அள்ளித்தான் போடும் என்றாள். அவள் புகுந்த வீட்டில் பட்டை வாசம் ஆகாதாம், அதனால் அவள் பேருக்குத்தான் போடுவாள். முதல் தடவை மறந்துபோய்ப் பட்டையையும் வாணலியில் போட்டுத் தொலைத்தேன், கசந்தது. அடுத்த தடவை அளவு மிஞ்சி மருந்துக்கடை வாசம் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் வீட்டில் இருந்தவன்தான் நான். அவள் உரலில் தட்டும் சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்கும். அங்கே உட்கார்ந்து டீசல் விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் வண்டிக்குத் திரும்பப் போகவில்லை. அங்கே இப்போது பாக்கெட் பொடிதான் என்று சமையல்காரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். யாரும் கேலி செய்வதும் இல்லையாம்.

மேல் தட்டில் பட்டை பாட்டில் மட்டும் அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் பொடிக்க வாங்கிய பட்டையை அதில் கலக்கவில்லை. ஈரக் கையோடு தொடுவதில்லை, வெயில் படவிடுவதில்லை. இன்று காலையும் திறந்து முகர்ந்தேன். கொஞ்சமும் குறையவில்லை. குறைந்துவிட்டது என்று பொய் சொல்லலாம் என்றாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. இது இன்னும் பல வருஷம் இப்படியே இருக்கும். நானும் இருப்பேன் போலத் தெரிகிறது.