மூன்று வருஷப் பிறப்பும் ஒரு கடுதாசியும்

கல்கத்தாவில் எங்களுக்கு வருஷம் மூன்று தடவை பிறந்தது. ஜனவரி முதல் தேதி ஆபீஸுக்கு. சித்திரை முதல் தேதி எங்களுக்கு. மாங்காய்ப் பச்சடியின் ருசி நாக்கை விட்டுப் போவதற்குள், ஓரிரு நாளில், வங்காளிகளின் பொய்லா பொய்ஷாக். தீர்மானம் எடுத்துவிட்டுக் கோட்டை விடுகிறவளுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. ஜனவரியில் விட்டதைச் சித்திரையில் பிடிக்கலாம். சித்திரையில் எடுத்தது மறுநாளே ஆட்டம் கண்டால் பொய்ஷாக்கில் மறுபடி ஆரம்பிக்கலாம். ஏழு வருஷம் நான் அப்படித்தான் செய்தேன். தீர்மானம் என்னவோ ஒன்றேதான். எழுதக் கற்றுக்கொண்டு, என் கையால் அம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுத வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து கல்கத்தா பாலிகஞ்சுக்குக் குடித்தனம் வந்தபோது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. என் கணவர் ஓர் இங்கிலீஷ் கம்பெனியில் குமாஸ்தா. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார். காலையில் ரயிலேறிப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். தமிழ் பேசுகிறவர்கள் என்றால் அடுத்த ஸ்டேஷன் டாக்குரியாவில் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களைப் பார்ப்பதும் நாள் கிழமைக்குத்தான். எனக்கோ வாய் சும்மா இருக்காது. மத்தியானங்களில் அடுப்போடும் அம்மியோடும் பேசிக்கொண்டிருந்தேன்.

மாசம் ஒரு கடுதாசி ஊருக்குப் போகும். நான் சொல்லுவேன், அவர் எழுதுவார். தெருவில் வரும் மீன் வாசனை, புரியாத பாஷையில் பேரம் பேசி ஏமாந்த கத்தரிக்காய், ராத்திரியில் ரயில் போகும்போது அதிரும் பாத்திரங்கள் என்று அரை மணி கொட்டித் தீர்ப்பேன். அவர் பேனாவும் ஓடும். கடைசியில், "எழுதினதைப் படிங்கோ" என்பேன்.

"இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்."

"நான் சொன்னதெல்லாம் எங்கே?"

"எல்லாம் அதுக்குள்ள அடக்கம்" என்று சொல்லி உறையை ஒட்டிவிடுவார்.

வந்த முதல் வருஷமே நான் உண்டானேன். மூன்று மாசம் தாண்டட்டும், அப்புறம் அம்மாவுக்கு எழுதலாம் என்று காத்திருந்தோம். நாலாம் மாசம், மார்கழியில், கலைந்துவிட்டது. ஒரு வங்காளி மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவள் சொன்னது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் எழுந்து நானே சமைத்தேன்.

அந்த மாசக் கடுதாசியிலும் அவர் "யாவரும் க்ஷேமம்" என்றுதான் எழுதினார். "ஆயிரம் மைலுக்கு அப்பால இருக்கறவாளைப் பதறடிச்சு என்ன ஆகப்போறது?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் வெகு காலம் நான் அதை மன்னிக்கவில்லை. எனக்கு அம்மா வேண்டியிருந்தது. அம்மா வர முடியாது என்றால், அம்மாவுக்குத் தெரிந்திருக்கவாவது வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரியாமல் எனக்கு ஒரு துக்கம் இருக்கிறது என்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவும் எழுத்தறியாதவள்தான். அங்கே அண்ணா எழுதுவான். அவனும் அதே க்ஷேமம்தான். ஒரு வரி மட்டும் அதிகம் இருக்கும். "விசேஷம் ஏதேனும் உண்டா என்று அம்மா கேட்கிறாள்." மாசா மாசம் அந்த வரி வரும். அதைப் படிக்கும்போது மட்டும் இவர் குரல் இறங்கும். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அந்த ஜனவரி முதல் தேதி ஆபீஸிலிருந்து வந்தவர், "துரைமார்லாம் வருஷம் பொறந்தா எதையாவது விட்டுடறதுன்னு தீர்மானம் பண்ணுவாளாம். நான் பொடியை விட்டுட்டேன்" என்று மூக்குப்பொடி டப்பியை ஜன்னல் வழியாக எறிந்தார். பொங்கலுக்குள் புது டப்பி வந்துவிட்டது, அது வேறு கதை. அவர் எறிந்த அன்றுதான் நானும் மனசுக்குள் தீர்மானம் செய்தேன். போன குழந்தையைப் பற்றி அம்மாவிடம் நானேதான் சொல்ல வேண்டும், என் எழுத்தில்.

சித்திரைக்கு ஒரு பலகையும் பல்பமும் வாங்கித் தரச் சொன்னேன். இரண்டு சாயங்காலம் அ, ஆ சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் சாயங்காலம் பாதியிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். எனக்கு வந்த கோபத்தில் பலகையைத் தரையில் அடித்தேன், நாலாக உடைந்தது. மறுநாள் பொய்லா பொய்ஷாக். மனுஷர் இன்னொரு பலகை வாங்கி வந்தார். அதுவும் ஆடி வரைக்கும்தான் தாங்கியது. அவரையும் குறை சொல்லக் கூடாது; நாள் முழுக்க எழுதிவிட்டு வருகிறவரை மறுபடி எழுத்தில் உட்கார வைத்தால் என்ன செய்வார்?

மூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டுக்கு ஒரு வங்காளிப் பெண் கல்யாணமாகி வந்தாள். அவளை நான் பௌதி என்பேன்; அண்ணி என்று அர்த்தம். என்னைவிட ஒரு வயசு சின்னவள், ஆனாலும் அப்படிக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. அவளுக்கும் அப்போதுதான் அவள் புருஷன் எழுத்துக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். மத்தியானம் மொட்டை மாடியில் வடாம் காயப் போடப் போனால் அவள் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். என்னைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தாள், அவ்வளவுதான். தனக்குத் தெரிந்ததை எனக்குச் சொன்னாள். நான் தப்பாக எழுதினால், "ஹோபே, ஹோபே" என்பாள். ஆகும், ஆகும் என்று. அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நாலாம் வருஷம் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பலகையில் இருந்த வங்காளி எழுத்துகளை நான் கூட்டிப் படித்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தச் சித்திரைக்கு உட்கார்ந்து அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதி, அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். பேச்செல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் வங்காளி.

"அசடே, கும்மோணத்துல இதை யாரு படிப்பா? அங்க எந்த வங்காளி இருக்கான்?"

எனக்குத் தெரிந்த எழுத்து அதுதான். எழுத வந்துவிட்டது என்ற குஷியில், யாருக்கு எழுதுகிறோம் என்பதே மறந்துபோயிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, என்னதான் எழுதியிருக்கே? படி, கேப்போம்" என்றார். நான் படிக்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கி மடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் அது என்ன கடுதாசி என்று அவர் கேட்டதேயில்லை.

அழுது முடித்த பிறகு ஒரு யோசனை வந்தது. அண்ணாவின் கடுதாசிகள் நாற்பதுக்கு மேல் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம், எனக்குத் தலைகீழாகப் பாடம். ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாயால் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தினேன். இது 'ம'வாக இருக்க வேண்டும், இது 'வ'. நான் இத்தனை வருஷமாகச் சபித்துக்கொண்டிருந்த அந்த க்ஷேமம்தான் எனக்கு அரிச்சுவடி ஆயிற்று. மாசா மாசம் என்னை எழுந்து போக வைத்த 'விசேஷம்' எனக்கு இரண்டு புது எழுத்துகளைக் கொடுத்தது.

இப்படியே ஐந்து, ஆறு. ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் "இந்த வருஷம் எழுதிவிடுவேன்" என்பேன். ஒவ்வொரு வருஷமும் தோற்றேன். ஆனால் போன வருஷம் தோற்ற இடத்தில் தோற்கவில்லை. ஒரு முழம் தள்ளித்தான் தோற்றேன். அதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவரும் அப்படித்தான். பொங்கலோடு முடிந்துகொண்டிருந்த பொடி விரதம் சிவராத்திரி வரை நீண்டது, பிறகு பங்குனி வரை. மீன் வாசனையும் எப்போது உறைக்காமல் போயிற்று என்று எனக்கு ஞாபகமில்லை. அம்மாவின் நினைப்பு மட்டும் ஒரு நாளும் குறையவில்லை. ஊருக்குப் போக அவருக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. என்னைத் தனியாக அனுப்ப அவருக்குத் துணிச்சல் இல்லை.

ஏழாம் வருஷம் பொய்லா பொய்ஷாக்கில் எழுதி முடித்தேன். நாலு வரி. மூன்று மத்தியானம் ஆயிற்று. மேல்விலாசம் மட்டும் இங்கிலீஷில் அவரை எழுதச் சொன்னேன்.

"க்ஷேமம்னு போட்டியோ?" என்றார் பேனாவைத் தோய்த்தபடி.

"இல்லை."

"சரி" என்று விலாசத்தை எழுதி, அவரே எடுத்துக்கொண்டு போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே! அண்ணாதான் படித்துச் சொல்லப்போகிறான். நடுக்கூடத்தில், மன்னி குழந்தைகள் எல்லோரும் சுற்றி நிற்க, உரக்க. ஏழு வருஷம் பொத்தி வைத்ததை ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று தவித்துப்போனேன். இவ்வளவு எழுத்து கற்றவளுக்கு இந்தப் புத்தி வரவில்லை. பௌதியிடம் சொல்லி அழுதேன். அதற்கு அவளிடமும் 'ஹோபே' இல்லை.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. அவர் ஆபீஸில் இருந்தார். நானே பிரித்தேன். வாழ்க்கையில் நானாகப் படித்த முதல் கடுதாசி அதுதான். அண்ணா எரிச்சலோடு எழுதியிருந்தான்: "நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. அம்மா அதை என் கையில் தரமாட்டேன் என்கிறாள். உறையைப் பிரித்து, இது மாப்பிள்ளை கையெழுத்து இல்லை, உன் எழுத்து என்று சொன்னதும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். 'அவ கையால எழுதினதை அவ வாயாலதான் கேப்பேன். வந்து படிக்கச் சொல்லு' என்கிறாள்."

அதை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. சாயங்காலம் வந்தவரிடம் கொடுத்தேன். படித்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் மறுபடி முதலிலிருந்து படித்தார். மறுநாள் துரையிடம் போய் நின்றார். அந்த வருஷம் துர்கா பூஜை லீவோடு இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஹௌராவில் ரயிலேறினோம். கொஞ்ச தூரத்திலேயே, சாந்த்ராகாச்சி யார்டில் வண்டி வெகு நேரம் நின்றது. அங்கே உட்கார்ந்து நான் பௌதியை விட்டு வந்ததற்காக அழுதேன். அம்மாவைப் பார்க்கப் போகிறவள் இப்படி அழுவாளா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கும்பகோணத்தில் அம்மா இளைத்திருந்தாள். முதல் நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் அண்ணா வெளியே போனதும் என்னைக் காமரா உள்ளுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கடுதாசி மடிப்பெல்லாம் நைந்து எண்ணெய்ப் பிசுக்கேறி இருந்தது. தரையில் உட்கார்ந்து, "படி" என்றாள்.

"அம்மாவுக்கு நமஸ்காரம். முதல் வருஷம் எனக்குக் குழந்தை உண்டாகி நாலாம் மாசம் போய்விட்டது. உன்னிடம் சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

முழுக்கப் படித்தேன். ஓர் எழுத்தும் தடுக்கவில்லை. அம்மா அழவில்லை.

"என்ன மாசம்டீ?"

"மார்கழி."

"ரத்தம் ஜாஸ்தி போச்சா?"

"போச்சும்மா."

"யாரு இருந்தா கூட?"

நான் கடுதாசியை மடித்தேன். அம்மா எழுந்து கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்குப் போனாள். சொல்லாமல் இருந்ததற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பின்னாலேயே போனேன். அவள் அடுப்பை மூட்டிச் சுண்டைக்காயும் மிளகும் சுக்கும் வறுத்துக்கொண்டிருந்தாள். உரலில் போட்டு இடித்துச் சலித்தாள். அங்காயப்பொடி. பிள்ளை பெற்று எழுந்தவளுக்குப் போடும் பத்தியம். ஆவி பறக்கும் சாதத்தில் அதைப் போட்டு, நெய்யை ஊற்றிப் பிசைந்தாள்.

"ஏழு வருஷம் ஆச்சேம்மா. இப்போ எதுக்கு?"

"அப்போ யாருடீ போட்டா உனக்கு?" என்று சொல்லி, முதல் பிடியை உருட்டி என் கையில் வைத்தாள்.