ஆண்ட்ரூசின் மடக்குத் தட்டி

தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு கைபேசிப் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்ப்பார் ஆண்ட்ரூஸ். மானின் பின்னங்கால் எந்த இடத்தில் மடங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் கை பலகைக்குப் போகும். ஆவூர்ப் பக்கத்துக் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுகிறவர். கொடுத்த மாதிரியில் இல்லாத ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்க மாட்டார்.

இந்த முறை தீட்டியது சொந்த வீட்டுக்கு. பக்கவாதத்தில் விழுந்த மனைவி அருள்ராணியின் கட்டில் முன்னறையில் இருக்கிறது. துணி மாற்றும் நேரத்தில் யாராவது வாசலுக்கு வந்துவிட்டால் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் ஒட்டுப்பலகையில் ஆறு மடிப்புத் தட்டி செய்து கீல் வைத்தார். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மகள் ஏஞ்சல், அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் கண்ட பழைய மடக்குத் தட்டியைப் படமெடுத்து அனுப்பினாள். பூத்த மரம், மழையில் நனையும் வாத்துகள், சிவந்த இலைகளுக்கு நடுவே மான்கள், பனியில் ஒற்றை நாரை. நான்கு பருவமும் ஒரே தட்டியில்.

பனியை அவர் கண்டதில்லை. வெள்ளையடித்த சுவரின் நிழலைப் பார்த்து, வெள்ளையில் துளி நீலம் கலந்தார். மானும் ஏறக்குறைய அப்படித்தான்.

"ஏங்க, இது நம்ம பக்கத்து வீட்டுக் கார்த்திகாவோட வெள்ளாடுல்ல?" பேச்சு குழறினாலும் அருள்ராணியின் கேலி குழறவில்லை.

"சும்மா கெட. ஜப்பான் மானு அப்பிடித்தான் இருக்கும்."

"ஆமா, நீங்க போயிப் பாத்துட்டு வந்தீங்களாக்கும்."

அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது. ஒருக்களித்துக் கிடக்கும் முகத்துக்கு நேரே இடக்கோடி மடிப்பு வரும்படி தட்டியை நிறுத்தினார். பலகை எழுதுகிறவருக்கு இடப்பக்கம்தானே தொடக்கம். தொடக்கத்தையே அவள் பார்க்கட்டும் என்று நினைத்தார். பனியும் நாரையும் அந்த மடிப்பில்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வீடியோ காலில் மகளுக்குக் காட்டினார்.

"சூப்பரா இருக்குப்பா! ஆனா இங்கிட்டு வலது பக்கத்துலேர்ந்துதான் பாப்பாங்க. பூவுதான் மொதல்ல. பனி கடைசி."

பேசி முடித்த பிறகும் அருள்ராணி நாரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்று மருத்துவர் வாசலில் நின்று சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"அப்ப எனக்கு நேரா இருக்கதுதான் கடைசியாங்க?"

ஆண்ட்ரூஸ் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தார். தலைமாட்டில் கிடந்த முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டுபோய் நாரைக்கு முன்னால் போட்டு, தம் முதுகு அதை மறைக்கும்படி உட்கார்ந்து, முதல் கரண்டியை அவள் வாயருகே நீட்டினார்.