சத்தமிலி வாழும் வீடு

சென்ற வாரம் என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேலை கொண்டுவந்தான். இல்லாத ஓர் இடத்தை நினைத்துக்கொண்டு, அந்த இடத்துக்குப் பொருந்துகிற, இல்லாத ஒரு மிருகத்தை உருவாக்க வேண்டும், பெற்றோர் உதவலாம். உதவுவதற்கென்று உட்கார்ந்த நான் முக்கால் மணி நேரமும் அவனிடம் கேள்விதான் கேட்டேன். இந்த வீடு எந்த வீடு? இது ஏன் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது? இதைப் போல யாரையாவது பார்த்தாயா? அவன் களைத்துப்போய், "அம்மா, இது முதலை" என்றான். கணவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கும் பள்ளிக்கூடத்தில் இதே வேலை வந்தபோது ஒன்பது வயது. போர் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி. பொலிசில் கொடுத்த பதிவுப் படிவத்திலும் இந்த நான்கு பெயர்கள்தான். சோதனைக்கு வருகிறவர்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணிப் பார்ப்பார்கள்.

ஐந்தாவது ஆள் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கொழும்பில் தங்க அவருக்குக் கிடைத்த அனுமதியின் நாட்கள் முடிந்துபோயின. அவரை அனுப்பிவைப்பதாகச் சொன்ன ஏஜென்சிக்காரர், ஒவ்வொரு வாரமும் 'வாற கிழமை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிடிபட்டால் மாமாவை எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே அம்மா சில சட்டங்கள் போட்டார். வாசலில் நான்கு சோடிச் செருப்புக்கு மேல் கிடக்கக் கூடாது. மாமா இடுப்பில் கட்டும் சாரம் குளியலறைக்குள்தான் காய வேண்டும். இருமல் வந்தால் அவர் தலையணைக்குள் இரும வேண்டும். வாசல் மணி அடித்தால் சாமி அறைத் திரைக்குப் பின்னால் போக வேண்டும். எனக்கும் தம்பிக்கும் ஒரு பாடம் இருந்தது. தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே அம்மா திடீரென்று, "வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்பார். "நாலு பேர்" என்று உடனே சொல்ல வேண்டும். தம்பி ஒருமுறை விரல்விட்டு எண்ணப் போய்க் குட்டு வாங்கினான்.

பகல் முழுவதும் வீட்டுக்குள் இருந்த மாமாவுக்கு நாங்கள்தான் பொழுதுபோக்கு. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர். அவர் கண்டுபிடித்த விளையாட்டில் முதலில் நாங்கள் ஓர் இடம் சொல்ல வேண்டும், பிறகுதான் மிருகம். தம்பிக்கு எல்லா மிருகத்துக்கும் பெரிய பல் வேண்டும்.

"சும்மா பல்லு வைக்கேலாதடா. அது என்னத்தைத் தின்னுது எண்டு முதல் சொல்லு."

"ஆக்களை."

"அங்க ஆக்களே இல்லை. மிளகாய்த்தூள் மழை பெய்யிற நாடு. ஆர் இருப்பினம்?"

தம்பி யோசித்து, "அப்ப அது மிளகாய்த்தூள் தின்னட்டும்" என்றான். அந்த மிருகத்துக்குக் கண்களைக் கமக்கட்டுக்குள் வைத்தோம். மழை வந்தால் கைகளை இறுக்கிக்கொள்ளும். இருட்டே வராத தீவில் வாழ்ந்த மிருகத்துக்குக் காதுகள் நீளம். கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்கும். சத்தமில்லாமல் சிரிக்க நாங்கள் பழகியிருந்தோம்.

அந்தத் தவணையில்தான் சுற்றாடல் பாட ரீச்சர் இதே வேலையை வகுப்பில் தந்தார். நன்றாக வரும் படங்களைக் கண்காட்சி அன்று மண்டபச் சுவரில் ஒட்டுவார்கள்.  இதில் என்னை வெல்ல வகுப்பில் யார் இருக்கிறார்கள்? மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. படம் சுவரில் ஏறிய பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

என் இடம், சிறு ஓசை கேட்டாலும் இடிந்து விழுகிற ஒரு வீடு. அதில் வாழ்வது சத்தமிலி. கால் பஞ்சாலானது, ஆகவே செருப்பு வேண்டாம். மணி அடித்தால் முதுகில் திரைச்சீலையின் பூக்கள் வந்துவிடும். தோலைக் கழற்றிக் குளியலறையில் காயப்போடும். இருமலைத் தலையணைக்குள் சேமிக்கும். வாசலில் நான்கு சோடிச் செருப்பையும் மறக்காமல் கீறினேன். சத்தமிலிக்குக் கட்டம்போட்ட சாரமும், ஒரு பக்கம் நூலால் கட்டிய கண்ணாடியும் கொடுத்தேன். மாமாவின் கண்ணாடி அப்படித்தான் இருந்தது.

ரீச்சர் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் தாளைக் கையில் எடுத்து வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

"வடிவாக் கீறியிருக்கிறீர். உங்கட வீட்டில எத்தினை பேர், பிள்ளை?"

"நாலு பேர்" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "ரீச்சர், இவவின்ர மிருகம் சாரம் கட்டியிருக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தி, "இது சரியில்லை. மிருகம் எண்டா மிருகம் மாதிரி இருக்கோணும். வேற தாளில கடலுக்குள்ள இருக்கிற ஒண்டைக் கீறும்" என்றார். என் படத்தை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். மற்றப் பிள்ளைகளின் சரியில்லாத படங்களை அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு அழுதுகொண்டே வந்தேன். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்து ஒன்று விடாமல் சொன்னேன். மாமாதான் முதலில் சிரித்தார். "எனக்கு வாலும் வைச்சனியோ?" பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். பக்கத்தில் யார் இருந்தது, யார் யார் பார்த்தது, தாளில் பெயர் எழுதினாயா என்று மெதுவாகக் கேட்டார். பெயரும் வகுப்பும் பின்பக்கத்தில் அழகாக எழுதியிருந்தேன்.

"நான் போய் ரீச்சரோட கதைக்கட்டே?" என்றார் அப்பா.

"போனா நாங்களே சொன்னமாதிரி ஆயிடும்."

"போகாட்டி?"

 அடுத்த மூன்று நாட்களும் படிக்கட்டில் யார் ஏறினாலும் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கை அப்படியே நின்றது. மேல் வீட்டுக்குப் பால்மா கொண்டுவந்தவர் தவறுதலாக எங்கள் மணியை அடித்தார். மாமா திரைக்குப் பின்னால் போன பிறகும் அம்மா கதவைத் திறக்க மறந்து நின்றார்.

நான்காம் நாள் காலை, எல்லோரும் வேலைக்குப் போகும் நேரத்தில், அப்பாவின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, வெறும் சாப்பாட்டுப் பெட்டியோடு மாமா புறப்பட்டார். நகரின் மறுபக்கம், ஜிந்துப்பிட்டியில் தெரிந்த ஒருவரின் அறைக்கு. அன்றுதான் முதல் தடவையாக அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது, அவர் கால் நுழைக்கும் அந்த ஒரு நிமிடம். "பஞ்சுக் கால் நல்ல யோசனை" என்று என் காதில் சொன்னார். அதுகூட என் கவலையைத் தீர்க்கவில்லை. விளையாட்டுக்கு ஆள் இல்லாமல் போனதும் ரீச்சரால்தான் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. சில கிழமைகளுக்குப் பிறகு மாமா வெளிநாடு போய்ச் சேர்ந்தார். அம்மா அவசரப்பட்டாரா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நானாக இருந்தால் இரண்டாம் நாளே அனுப்பியிருப்பேன்.

மாமா எங்கள் வீட்டை விட்டுப் போன பிறகு ஒரு சனிக்கிழமை ரீச்சர் மீன் வாங்கும் இடத்தில் அம்மாவைக் கண்டு கதைத்தது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியும். பள்ளிக்கூடக் குப்பைக் கூடையில் போட்டால் யாராவது எடுத்துப் பார்க்கலாம் என்று, சோதனைச் சாவடிகளில் பைகளைத் திறந்து காட்ட வேண்டிய அந்த நாட்களில், அவர் என் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தன் வீடு இருக்கும் கொட்டாஞ்சேனை வரை போயிருக்கிறார். வீட்டு அடுப்பில் எரித்திருக்கிறார். "பிள்ளையை ஏசிப்போடாதேங்கோ" என்று மட்டும் கேட்டாராம்.

இதெல்லாம் தெரியாத எனக்கு அந்த வருட ஆசிரியர் தினம் வசதியாக வந்தது. வகுப்பில் எல்லோரும் அவருக்கு வாழ்த்து அட்டை செய்தார்கள். நான் செய்யவில்லை. வரிசையாக அட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தவர் என் மேசைக்கு வந்ததும், "மறந்துபோனன்" என்றேன், முகத்தைப் பார்க்காமல். மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். சத்தமிலி சுகமா என்று கேட்பதற்கு அவரிடம் இருந்த ஒரே வழி அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தலையைச் சாய்த்து அந்தக் கையை விலக்கிவிட்டேன்.