மகள் நக்கிய சுவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு மிளகு மண்டியில் வேலை. நான் திருநெல்வேலியிலிருந்து வாக்கப்பட்டுப் போனவள். அந்த ஊர்ப் பேச்சு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, அந்த ஊர் ஈரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

படுக்கையறைச் சுவர் ஒன்று எந்நேரமும் ஈரம். இடுப்பளவுக்கு வெள்ளையாகப் பூத்து, தொட்டால் பொலபொலவென்று உதிரும். எங்கள் இரண்டு வயது மகளுக்கோ ஓயாத இளைப்பு. "இந்த ஈரத்தில் பிள்ளையைப் படுக்கப் போட்டால் என் மருந்து என்ன செய்யும்?" என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். வேறு அறையும் கிடையாது. தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது, கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

ஓடு மாற்றிப் பார்த்தோம். பலனில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சேச்சியின் குளியலறை. சொன்னதும் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "ஞான் கொஞ்ச நாள் கிணற்றடியில குளிச்சோளாம், நீ நோக்கிக்கோ" என்றார், தங்கமான மனுஷி. ஊஹூம், அப்போதும் ஈரம் காயவில்லை. மழை விட்டுப் பல நாளான பிறகும், கொஞ்சம் புழுங்கினால் போதும், சுவர் வேர்த்து வழியும். இதென்னடா கூத்து!

இதற்கு நடுவில் மகள் அந்தச் சுவரை நக்கப் பழகிவிட்டாள். அதட்டியும் கேட்கவில்லை. சுண்ணாம்பு தின்கிற பிள்ளைகள் உண்டுதான். ஆனால் அறையில் நாலு சுவருக்கும் வெள்ளை அடித்திருக்கிறதே, இவள் ஏன் இந்த ஒன்றை மட்டும் தேடிப் போகிறாள்? ஒரு மத்தியானம், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு! ஒரே கரிப்பு!

ஓடிப்போய்ச் சேச்சியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அது பண்டு உப்புக் கிடங்கல்லே மோளே! அந்தச் சுவர்லதான் சாக்கு அடுக்கி வச்சிருந்தது." அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானே கசிகிற மாதிரி, சுவர் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்திருக்கிறது. எங்கும் ஒழுக்கே இல்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பொங்கலுக்குப் பொங்கல் அவரேதான் வெள்ளையடிப்பார். சுண்ணாம்பு ஒட்டிப் பிடிக்க ஒரு கை உப்புப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தச் சுவர் உதிர்கிறதே என்று இதற்கு மட்டும் வருஷா வருஷம் இரண்டு கை சேர்த்துப் போட்டிருக்கிறார்!

வீட்டுக்காரரிடம் கேட்டு, கல் தெரியும்வரை சுரண்டிப் புதுப்பூச்சு பூசினோம். "உப்பில்லாமல் நிற்காது, பார்" என்று இவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நின்றது. அடுத்த மழைக்காலத்தில் மகள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். அந்த விசில் சத்தம் இல்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

இப்போது அவளுக்கே பிள்ளைகள். அதுகள் ஏதாவது வேண்டாத வேலை செய்தால் அவள் அதட்ட வாயெடுப்பாள். நான்தான் "பொறுடி, எதுக்குச் செய்யுதுன்னு முதல்ல பார்ப்போம்" என்று அதுகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.