எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பாடு

பள்ளிக்கூட பியூன் வேலையில் மணி அடிப்பது சுலபம்; அதைக் கேட்டு ஆள் வரவைப்பதுதான் கஷ்டம். நான் மணி அடித்தால் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள்கூட வரிசையாக நிற்கும், பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். பள்ளிக்கூடங்களில் மாரடித்த உங்களுக்குச் சொன்னால் புரியும்.

வலைச் சுவர்

எங்கள் மாதா கோயில் பள்ளி ஆரம்பித்த காலத்தில் ஒரே கூடம்தான். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவே பழைய வலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். அதுதான் சுவர். ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கிழிசல் வழியாக நழுவி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது இரண்டாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

டீச்சர் அவனைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். மீன் கூடையோடு வந்த அவன் அம்மா விடவில்லை. “ஓட்ட வலையக் கட்டுனது உங்க தப்பு டீச்சர். தப்பிச்ச மீனு தப்பிச்சதுதான்!”

ஏழு பேர்

இப்போது நிஜச் சுவர் உண்டு, ஓடு உண்டு, ஐந்து வகுப்பு உண்டு. ஆனால் இறால் காலம் வந்தால் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அம்மா அப்பாவோடு ஏரியில் இருப்பார்கள். அப்படி ஒரு நாளில் கல்வி அதிகாரி வந்தார். இருந்தது ஏழு பேர். அதுவும் ஜன்னலோரம் படுத்திருந்த ஆட்டையும் சேர்த்து.

அதிகாரி நல்ல மனுஷர், ஆட்டைக் கழித்துவிட்டார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் பள்ளியை மூடி, பிள்ளைகளை அக்கரைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். தலைமை ஆசிரியை சிஸ்டர் லூர்து முகம் செத்துவிட்டது. அதிகாரி போனதும் சிஸ்டர் என்னிடம் சொன்னார்: “மணியை இன்னும் பலமா அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, சூசை. அடிக்க வேண்டிய இடம் வேற.”

சீட்டு

இறால் நிறைய விழுகிற இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் ஆம்பளைகள் கூடியிருந்தபோது சிஸ்டர் நடுவில் போய் நின்று, “பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பாடு வேணும்” என்றார்.

ஊர்த்தலைவர் ராயப்பன் சிரித்தார். “கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் சிஸ்டர் பாடு.”

“எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு. வீட்டுக்காரர் கோயிலுக்குள்ள இருக்கார். அவர் பேரை எழுதுங்க.”

பங்குச் சாமியாருக்கு இருமல் வந்துவிட்டது. எவன் மறுப்பான்? கர்த்தர் பேரை எழுதினார்கள். டப்பாவைக் குலுக்கி எடுத்தவன் நான். முதல் சீட்டே அவருக்கு! என் விரலில் சோற்றுப் பசை இருந்ததாக இன்றும் ஊரில் சொல்கிறார்கள், நம்பாதீர்கள்.

“இன்னா சிஸ்டர், உங்க வூட்டுக்காரரே வலை போட வருவாரா, இல்ல ஆள் அனுப்புவாரா?” என்று மடக்கினார் ராயப்பன்.

சிஸ்டர் அசரவில்லை. “ஆள் அனுப்புவார். பாடு வர்றப்பல்லாம், எந்த வீட்டுப் பிள்ளை மட்டமே போடலையோ, அந்த வீட்டு ஆளை. விழுற இறாலும் அந்த வீட்டுக்கே.”

மறுபடியும் அதிகாரி

அதன்பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! காய்ச்சல்காரனை அவன் நைனா தோளில் சுமந்துவந்து ஆஜர் போட வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகூட நாலு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மணிக்கு முன்னாலேயே கூட்டம். எனக்கே வேலை போய்விடுமோ என்று பயம் வந்தது.

அடுத்த வருஷம் அதிகாரி வந்தபோது பெஞ்சில் இடமில்லை. அவருக்குச் சந்தேகம். ஆய்வு நாளுக்குப் பக்கத்து ஊரில் பிள்ளைகளைக் கடன் வாங்கும் வித்தை உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முன் வரிசையிலிருந்த மூன்றாம் வகுப்பு ஸ்டெல்லாவை எழுப்பி, “தினமும் வர்றியா, இல்ல இன்னிக்கு மட்டும் வந்தியா?” என்றார். சிஸ்டர் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தார். நான் மணிக் கயிற்றைப் பிடித்தேன்.

ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்தாள். “நான் ஒரு நாள்கூட மட்டம் போடல சார். நீங்கதான் ஒரு வருஷமா வரல!”

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், பள்ளி நிலைத்தது. என் மணிச் சத்தத்தால்தான் நிலைத்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சிஸ்டர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று.