பெல்ட்டுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றில் நான் கணினியில் படம் வரைகிறேன். முதலாளியின் பெயர் அழகுராஜா. பெட்டி மேல் சிரிக்கும் குழந்தைக்கு எத்தனை பல் தெரிய வேண்டும், கிளியின் மூக்கு எவ்வளவு சிவப்பாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் சொல்வார். உள்ளே இருக்கும் வெடி வெடிக்குமா என்று அவர் ஒருமுறை கூடக் கேட்டதில்லை. அது கம்பெனிக்காரன் கவலை என்பார்.

அவருடைய வீட்டு முகப்பில் மூன்று முறை டைல்ஸ் மாறியிருக்கிறது. சமையலறையில் மழை ஒழுகும் இடத்துக்கு இன்னும் குண்டான் வைக்கிறார்கள்.

மல்லாங்கிணற்றில் பிறந்து, மீசை அரும்பும் வயதில் இந்த அச்சகத்தில் தாள் அடுக்க வந்தவர் அவர். பிறகு இயந்திரம் ஓட்டினார். பழைய முதலாளியின் பிள்ளைகள் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டதால் இயந்திரங்களும் கட்டடமும் இவர் கைக்கு வந்தன. இதைத்தான் அவர் "ஒத்த ஆளா நின்னு தூக்குன கம்பெனி" என்று வருகிறவர்களிடம் சொல்வார். தூக்குவதற்கு முன்பே அது நின்றுகொண்டுதான் இருந்தது.

பதினோரு வருடங்களுக்கு முன் கொச்சியிலிருந்து ஒரு பைக் வாங்கி வந்தார். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே ஜப்பானில் செய்த பழைய வண்டி. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று எருமைக் கொம்பு போல எஞ்சின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் ரேடியோ, பின்னால் பெட்டிகள், பின்னிருக்கைக்குச் சாய்மானம். தெருப்பிள்ளைகள் அதை "சோபா வண்டி" என்பார்கள். உலகத்தையே சுற்றி வரக்கூடிய அந்த வண்டி, பதினோரு வருடத்தில் கிழக்கே சாத்தூர் வரைக்கும் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிருக்கிறது. மற்ற நாட்களில் அச்சக வாசலில் துணி போர்த்தி நிற்கும். ஆர்டர் கொடுக்க யாராவது வந்தால் துணி விலகும்.

அந்த வண்டியால் உண்மையில் நஷ்டப்பட்டவர் அவர் மனைவி மாரிசெல்வி. பள்ளித் தோழி இசைவாணி வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் நர்ஸ். "ஒரு வாரம் வந்து இரு" என்று ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார். போகவேண்டும் என்று மாரிசெல்வி வாயைத் திறந்தால் அழகுராஜா பைக்கைக் காட்டுவார். "இம்புட்டுப் பெரிய வண்டிய வாசல்ல நிறுத்திட்டு நீ பஸ்ஸுல போனா ஊருல எவனாவது என்னய மதிப்பானா? நானே கூட்டிட்டுப் போறேன்." பதினோரு தீபாவளி கழிந்துவிட்டது. வருகிற தை மாதத்தோடு இசைவாணிக்கு வேலை முடிகிறது. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு ஒடிசாவுக்குப் போகிறார். தீபாவளி முடிந்து அச்சகங்கள் மூடிக்கிடக்கும் வாரத்தை விட்டால் பிறகு வால்பாறையே இல்லை.

மாரிசெல்வி இந்தமுறை அழவில்லை, கேட்கவுமில்லை. தானே போன் போட்டு டென்னிஸை வரவழைத்தார்.

டென்னிஸ் விருதுநகரில் பைக் பட்டறை வைத்திருப்பவர். தன் கடைப் பலகையில் "சர்வதேச" என்று எழுதிக்கொண்டவர். அவருடைய சர்வதேசம் பெரும்பாலும் கைபேசியில் பார்த்த வீடியோக்கள்தான். சொன்ன நாளுக்கு வரமாட்டார். இந்தமுறையும் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். ஆனால் வந்ததும் கேட்ட முதல் கேள்வி சரியாக இருந்தது.

"அண்ணாச்சி, டைமிங் பெல்ட்டு மாத்தி எம்புட்டு வருசமாச்சு?"

"எதுக்குலே மாத்தணும்? வண்டிதான் ஓடவே இல்லையே. ஓடாத பெல்ட்டு எப்படித் தேயும்?"

"தேயாது, மக்கிப்போகும். கல்யாணத்துக்குக் கட்டுன பட்டு வேட்டிய இப்ப எடுத்துக் கட்டிப் பாருங்க, மடிப்பு மடிப்பாக் கிழியும்."

"என் பட்டு வேட்டியெல்லாம் கிழியல."

"கட்டிப் பாத்தீகளா?"

பாரம் ஏற்ற வந்த ஆட்கள் சிரித்தார்கள். அழகுராஜா வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, "ரொம்பப் பேசாதலே, கழட்டு" என்றார்.

ரேடியேட்டரை நகர்த்தி எஞ்சினின் முகத்திலிருந்த பிளாஸ்டிக் மூடிகளை டென்னிஸ் கழற்றினார். உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக, பல் வைத்த இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். ஒன்றை வெளியே எடுத்து முதுகுப் பக்கமாக வளைத்ததும் காய்ந்த கண்மாய் போல வெடிப்பு விட்டது. மாரிசெல்விக்குப் புரியும்படி அவர் சொன்னார்: "மதினி, உள்ள பிஸ்டன் மேல வரும்போது வால்வு மேல ஏறி வழிவிடணும். இந்த ரெண்டு பெல்ட்டுந்தான் அதுக்குத் தாளம். ஒரு பல்லு தாண்டுனாலும் ரெண்டும் முட்டிக்கிரும். முட்டுச்சுன்னா எஞ்சின எடைக்குத்தான் போடணும்."

புது பெல்ட்டுகள் வந்ததும் டென்னிஸ் மாட்டினார். பெல்ட் ஓடும் பற்சக்கரங்களில் இருந்த குறிகளை நேராக நிறுத்தினார். பெல்ட்டை விறைப்பாக வைக்கும் இழுவை உருளையின் போல்ட்டைத் தளர்த்தி, சுருள்வில் தானாக எவ்வளவு இழுக்கிறதோ அந்த அளவிலேயே முடுக்கினார். "இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுலே, தொய்வா இருக்கு" என்று அழகுராஜா மேலேயே நின்றார். டென்னிஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்பேனரை வைத்து எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி நேராக வந்ததைப் பார்த்த பிறகுதான் மூடியைப் போட்டார்.

"இனி அஞ்சாறு வருசத்துக்கு இதத் தொடாதீக. எண்ணெய், தண்ணி, தூசி ஒண்ணும் படக்கூடாது."

"சரிலே, சரிலே."

இந்த இடத்தில் எங்கள் அச்சகத்து வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயந்திரங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டியதும் முதலாளி தன் கையாலேயே பெல்ட்டுகளுக்கு விளக்கெண்ணெய் தடவுவார். வழுக்காமலிருக்க மேலே பிசின் தூளைத் தூவுவார். "பெல்ட்டுக்குச் சாப்பாடு" என்று அதற்குப் பெயர். பழைய முதலாளி காலத்துத் தோல் பெல்ட்டுகளுக்கு அது நியாயமான சாப்பாடுதான். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்கும், பிடிப்பும் வரும். தோல் போய் ரப்பர் வந்து பல வருடமாகிறது. சாப்பாடு நிற்கவில்லை. அதனால் எங்கள் இயந்திரங்களில் பெல்ட் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. "இந்தக் காலத்துச் சரக்கே அப்படித்தான்" என்று முதலாளி அதற்குக் காரணமும் வைத்திருக்கிறார்.

ஆயுத பூஜை கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, இயந்திரங்களுக்குப் படைத்த கையோடு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் பைக்கிடம் போனார். மூடியைக் கழற்றினார். காபி கொண்டுவந்த மாரிசெல்வி பார்த்துவிட்டார்.

"ஏங்க, டென்னிஸ் தம்பி அங்கன தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சே?"

"அவன் போன்ல பாத்துப் படிச்சவன். நான் பெல்ட்டோட வளந்தவன். பாரு, எப்படிக் காஞ்சு கெடக்குன்னு! புதுசா வந்த பெல்ட்டு, ஒரு வாய் கூடச் சாப்பிடல."

"அது ரப்பருங்க."

"பெல்ட்டுன்னா பெல்ட்டுதான். நீ போயி குண்டானப் பாரு, மழை வருது."

தீபாவளி வரைக்கும் ஒரு வெள்ளி தவறாமல் அந்தப் பெல்ட்டுகள் சாப்பிட்டன. சாப்பிட்டது செரிக்கட்டும் என்று எஞ்சினையும் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். சுழலும்போது பிசின் உதிர்ந்து சக்கரத்துப் பற்களுக்கிடையில் எண்ணெயோடு குழைந்து உட்கார்ந்தது. எஞ்சின் சூட்டில் இளகியது, ஆறியதும் கெட்டியானது.

தீபாவளி முடிந்த வாரம் கிளம்பினார்கள். தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தோல் சட்டை போட்டு, ஊருக்கு வெளியே போகிற வழி இருக்க ஊருக்குள்ளேயே ஒரு சுற்று வந்து, நாலு பேரிடம் "வால்பாறை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அழகுராஜா வடக்கே திரும்பினார். மாரிசெல்வியின் மடியில் இசைவாணிக்குக் கொண்டுபோகும் காராச்சேவு இருந்தது. எரிச்சநத்தத்தில் போட்டோ எடுக்க நிறுத்தினார். டி.கல்லுப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தி, வண்டியைப் பற்றி டீக்கடைக்காரருக்கு விளக்கம் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது.

திரும்ப ஏறி, பொத்தானை அமுக்கி, ஊர் எல்லை தாண்டுவதற்குள் தகர டப்பாவுக்குள் ஆணியைக் கொட்டிக் குலுக்கியது போல ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

மறுபடி பொத்தானை அமுக்கினார். எஞ்சின் மின்விசிறி போல எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது. அழகுராஜாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, எம்புட்டு லேசாச் சுத்துது! எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. பெட்ரோல்லதான் எதோ கோளாறு." டென்னிஸுக்குப் போன் போட்டு, அந்தச் சத்தத்தை அவருக்கும் கேட்கட்டும் என்று கைபேசியை எஞ்சின் பக்கம் நீட்டிக்கொண்டே அமுக்கினார். "அமுக்காதீக அண்ணாச்சி! அய்யோ, உள்ள முட்டிக்கிருச்சு, அமுக்காதீக!" என்று அது கத்தியது. அழகுராஜா இன்னும் நாலு தடவை அமுக்கினார்.

பிறகு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "செல்வி, நீ இங்கனயே வண்டிக்குக் காவலா நில்லு. நான் ஊருக்குள்ள போயி ஒரு லோடு வண்டி பிடிச்சுட்டு வாரேன். வீட்டுக்குப் போயி சரி பண்ணிட்டு அடுத்த வாரம் கிளம்புவோம்."

"அதுக்கு எதுக்குக் காவல்? அதுதான் எங்கயும் போகாதே" என்றார் மாரிசெல்வி.

"என்ன பேச்சு பேசுத?"

மாரிசெல்வி ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னிருக்கையில் வைத்தார். பெட்டியைத் திறந்து, காராச்சேவோடு தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். ராஜபாளையத்திலிருந்து மதுரை போகும் பேருந்து வந்தது. கையைக் காட்டினார், நின்றது.

"ஏ, செல்வி! பஸ்ஸுலயா? ஊருல யாராவது பாத்தா..."

"பாத்தாச் சொல்லட்டும், நான் வால்பாறைக்குப் போறேன்னு."

மறுநாள், லோடு வண்டியில் அச்சகத்துக்கு வந்து இறங்கியிருந்த பைக்கின் மூடியை டென்னிஸ் வந்து கழற்றினார். பற்சக்கரத்துப் பள்ளங்கள் எல்லாம் கருப்பட்டிப் பாகு உறைந்தது போல நிரம்பிக் கிடந்தன. பெல்ட்டின் பல் உட்கார இடமில்லாமல் மேலேறித் தாண்டியிருந்தது. தலைப்பகுதியைத் திறந்தபோது வால்வுகள் ஆளுக்கொரு திசை பார்த்தன. பிஸ்டன் ஒவ்வொன்றின் நெற்றியிலும் பிறை பிறையாக வெட்டு. டென்னிஸ் விரலால் அந்தப் பிசினைச் சுரண்டி மோந்து பார்த்தார்.

"என்னண்ணாச்சி இது? இதுக்குத் திருநீறு பூசலையா?"

"பூசுனேன்லே" என்றார் அழகுராஜா, அடிபட்ட குரலில்.

டென்னிஸ் எழுந்து கைகழுவப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் முதலாளி தேறிவிட்டார். பெல்ட்டு டூப்ளிகேட் என்று தெருவில் சொன்னார். மனைவியைப் பற்றிக் கேட்டவர்களிடம், "நான்தான் பஸ் ஏத்தி அனுப்புனேன். அவுக தோழி பாவம், காத்துக் கெடப்பாக" என்றார். எங்கள் முன்னால் ஸ்பீக்கரைப் போட்டு மாரிசெல்விக்கும் போன் செய்தார், தான் சொன்னதற்கு ஒரு சாட்சி வேண்டுமே.

"செல்வி, பெல்ட்டு டூப்ளிகேட்டாம். டென்னிஸே சொல்லிட்டான். என்னைக்கு வாரீக?"

அந்தப் பக்கம் ஒரு பெண் சிரிப்பதும், டம்ளர் வைக்கும் சத்தமும், ஓட்டின் மேல் மழை விழுவதும் கேட்டன. பிறகு மாரிசெல்வியின் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாக வந்தது.

"ஹலோ? ஒண்ணும் கேக்கலங்க. இங்கன டவரே இல்ல."